தேக்குக் கழுத்து

மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசிப்பவனை யாரும் பார்ப்பதில்லை. பாடுகிறவரைப் பார்ப்பார்கள். டிரம்ஸ் அடிப்பவனின் தலைமுடியைப் பார்ப்பார்கள். அக்கார்டியன்காரர் விரலில் போட்டிருக்கும் மோதிரத்தைக்கூடப் பார்ப்பார்கள். மேடையின் ஓரத்தில் நான்கு தடித்த கம்பிகளைத் தடவிக்கொண்டு ஒருவன் எதற்கு நிற்கிறான் என்று எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. மோகனூரில் ஒரு கல்யாண வரவேற்பில், கச்சேரி முடியப் போகும் சமயத்தில் ஒருவர் என்னிடம் வந்து, "நீங்க எப்பங்க ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். நான் நிறுத்தினால் பாட்டில் ஏதோ குறைகிறது என்று தெரியும். வாசித்துக்கொண்டிருக்கும்வரை தெரியாது. இப்படிப்பட்ட ஒரு வேலைக்காக ஒருவன் தன் வீட்டைப் பாழாக்கிக்கொள்வானா என்று கேட்டால், நான் பாழாக்கிக்கொண்டேன்.

நான் ராசிபுரத்தில் ஒரு நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். தறியில் உட்காரும் பொறுமை எனக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை. அப்பா இரண்டு வருடம் முயன்று பார்த்தார். கடைசியில் இவன் காலுக்குத் தாளம் தெரிகிறது, கைக்கு இழை தெரியவில்லை என்று கைகழுவிவிட்டார். எழுபதுகளில் சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். சனி, ஞாயிறு வந்தால் சேலத்துக் குழு ஒன்றோடு கச்சேரிக்குக் கிளம்பிவிடுவேன். சேலத்தில் இன்னொரு நெசவுக் குடும்பத்தில் எனக்குப் பெண் எடுத்தார்கள். கல்யாணத்துக்கு முந்தின வாரம்வரை தறியில் இருந்தவள் அவள். சங்ககிரியில் நாங்கள் குடியிருந்த இரண்டு அறை வீட்டில் தறி போட இடமில்லை. அதைப் பற்றி அவள் ஒன்றும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அவளிடம் நான் கேட்காமல் விட்டதையெல்லாம் எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது. அம்மா போன பிறகு அப்பாவும் எங்களோடு வந்துவிட்டார்.

கிடாரைச் சென்னையில் ஸ்டுடியோக்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் வாங்கினேன். வெளிநாட்டுச் சாமான். அவர் கைக்கு வந்தபோதே அது பழசு. அதன் உடல் என்ன மரம் என்று அவருக்கும் தெரியாது. பின்பக்கம் வண்ணம் உரிந்த இடத்தில் பார்த்தால், வெளிறிப்போன, ரேகை அகன்ற, கனமில்லாத மரம். நம் பக்கத்து மரம் எதனுடைய சாயலும் அதில் இல்லை. கழுத்து மட்டும் மேப்பிள் என்று சொன்னார். ஒரே கட்டையில் செதுக்கிய நீண்ட கழுத்து. அதன்மேல், விரல் ஓடும் இடத்தில், கறுத்த பலகை ஒன்றை ஒட்டியிருந்தார்கள். அது ஈட்டி மரம். நம் மலையில் வெட்டிய மரமாகத்தான் இருக்கும், கப்பலேறிப் போய் எங்கேயோ இழைக்கப்பட்டு மறுபடி என்னிடமே வந்திருக்கிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அந்த வயதில் எதற்கெல்லாமோ சந்தோஷப்பட முடிந்தது.

இந்த வாத்தியத்தின் உயிர் கழுத்தில்தான் இருக்கிறது. நான்கு கம்பியும் சேர்ந்து ஒரு நெல் மூட்டை தொங்குகிற அளவுக்குக் கழுத்தை முன்னால் இழுத்துக்கொண்டிருக்கும். வாசித்தாலும் இழுக்கும், பெட்டியில் கிடந்தாலும் இழுக்கும். எவ்வளவு நல்ல மரமும் வருடக்கணக்கில் இழுபட்டால் வளையும். வளைந்தால் கம்பி பலகையை விட்டு மேலே எழும்பிவிடும், அழுத்தி அழுத்தி விரல் கன்றிப்போகும், சுருதியும் ஓடிவிடும். அதற்காகத்தான் கழுத்தின் வயிற்றுக்குள் நீளமாக ஓர் இரும்புக் கம்பியை வைத்திருப்பார்கள். கழுத்தை உடலோடு சேர்க்கும் நான்கு திருகாணிகளையும் கழற்றினால் அந்த இரும்பின் முனையில் ஒரு நட்டு தெரியும். அதை ஒரு சுற்று முறுக்கினால் கழுத்து பின்னால் வரும். மரம் ஒரு பக்கம் இழுபட, இரும்பு மறுபக்கம் இழுக்க, இரண்டும் சண்டை போட்டுக்கொண்டே நேராக நிற்கும்.

என் வாழ்க்கையில் ஒரே ஒருவர் மேடை ஓரத்தைப் பார்த்தார். சென்னையிலிருந்து வந்த பெரிய குழு ஒன்றை நடத்துபவர். சேலம் பொருட்காட்சியில் அவர்கள் ஏறுவதற்கு முன்னால் எங்கள் குழு வாசித்தது. இறங்கி வந்ததும் என்னைக் கூப்பிட்டு, எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். யாரும் சொல்லித் தரவில்லை, ரேடியோவைக் கேட்டுத்தான் என்றேன். அவருடைய பேஸ்காரர் அடுத்த வருடம் துபாய்க்குப் போகிறாராம். சித்திரையில் மறுபடி சேலம் வருவோம், ஞாயிற்றுக்கிழமை காலை லாட்ஜ் ஹாலில் ஒத்திகை இருக்கும், வந்து எங்களோடு நாலு பாட்டு வாசி, ஒத்துவந்தால் எங்களோடேயே வந்துவிடு என்றார். அன்றிலிருந்து என் தலையில் வேறெதுவும் ஏறவில்லை. புக்கிங் ஆபீசில் லாரி எண்ணை மாற்றி எழுதினேன். சந்தித்தவர்களிடமெல்லாம் சொன்னேன். டீக்கடைக்காரர், தபால்காரர், ஆபீசுக்கு வரும் டிரைவர்கள் எல்லோருக்கும் தெரியும். மனைவிக்கு மட்டும் ஒரு வாரம் கழித்து, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

அந்த ஆசையிலேயே கழுத்தை இன்னும் கொஞ்சம் நேராக்கிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். அது நன்றாகத்தான் இருந்தது. போதாது என்று நட்டை முறுக்கினேன். அரைச் சுற்று வந்தது. இன்னொரு அரைச் சுற்று கொடுத்தேன். உள்ளே மளுக்கென்று ஏதோ விட்டது, அதன் பிறகு நட்டு சும்மா சுற்றியது. மரை போய்விட்டது. பத்தே நாளில் கழுத்து வில்லாக வளைந்துவிட்டது. சேலத்தில் இதைத் தொடக்கூட ஆளில்லை. சென்னையில் விசாரித்தால், இந்தக் கழுத்து வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும், வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள்.

சங்ககிரியில் மர வேலை என்றால் லாரிக்குப் பாடி கட்டுவதுதான். எங்கள் ஆபீசுக்குப் பின்னால் ஒரு பட்டறை இருந்தது. அதை வைத்திருந்தவர் என் வயதுக்காரர், திருச்செங்கோட்டுப் பக்கம். பாட்டு என்றாலே அவருக்கு ஆகாது. எல்லாப் பாட்டும் ஒரே இரைச்சல் என்பார். ஆனால் மரத்தைக் கையில் எடுத்தால் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். நான் கொண்டுபோன கழுத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து நீளவாக்கில் பார்த்தார். அடி முனையைத் திருப்பி, வெட்டுமுகத்தில் வளையக் கோடுகள் எப்படி ஓடுகின்றன என்று பார்த்தார். கோடு படுத்துக் கிடந்தால் அந்தக் கட்டை வளையும், நட்டுக்குத்தலாக நின்றால் வளையாது, லாரிச் சட்டத்துக்கும் அப்படிப் பார்த்துத்தான் எடுப்போம் என்றார். வெள்ளைக்காரன் விவரமாகத்தான் எடுத்திருக்கிறான் என்று ஒரு சான்றிதழும் கொடுத்தார்.

அவர் சொன்ன மரம் வேங்கை. பட்டறையில் நன்றாகக் காய்ந்து கிடந்த ஒரு வேங்கைச் சட்டத்தை எடுத்துக் கொடுத்தார். தூக்கிப் பார்த்தேன், கனத்தது. பேஸ் கிடாரில் கழுத்து கனமாக இருந்தால் கையை எடுத்ததும் தலை தரையைப் பார்க்கும், இரண்டு மணி நேரம் அதைத் தாங்கி நின்றால் தோள்பட்டை கழன்றுவிடும். மஞ்சக்கடம்பைக் காட்டினார். அது இலேசுதான், ஆனால் இந்த இழுப்புக்கு நிற்குமா என்று அவருக்கே சந்தேகம். வீணைக்குப் பலாதானே என்று நான் கேட்டேன். வீணை யாரோடும் லாரியில் போவதில்லை என்றார். அப்போதுதான் மூலையில் ஒரு தேக்குக் கட்டை என் கண்ணில் பட்டது. கோடு நட்டுக்குத்தலாக நின்றது. பொன் நிறம். தூக்கினால் பாதிக் கனம்தான். எனக்கு அதுதான் வேண்டும் என்று நின்றேன்.

அவருக்குப் பிடிக்கவில்லை.

"தேக்கு எண்ணெய் மரமுங்க. பசை புடிக்காது. பாடிக்கு நாங்க போல்ட்டு போட்டு இறுக்கறோம், அதனால நிக்குது. உங்களுதுல மேல பலகைய ஒட்டோணுமில்லீங்க?"

ஒட்டிப் பாருங்கள், அதெல்லாம் நிற்கும் என்றேன். சென்னை மேடையில் பொன் நிறக் கழுத்தோடு நிற்பதாக நான் ஏற்கெனவே என்னைப் பார்த்துவிட்டேன். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டார். சாமான் உங்களுடையது என்றார்.

பழைய மேப்பிள் கழுத்திலிருந்து ஈட்டிப் பலகையைக் கரி இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி, மெல்லிய தகட்டை விட்டு விட்டு, ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து உரித்தெடுத்தார். வீணையில் மெட்டு என்பார்களே, அதுபோல இதில் பதித்திருக்கும் குறுக்குக் கம்பிகளில் ஒன்றுகூட ஆடவில்லை. அந்தக் கைக்கு நான் இன்றும் கும்பிடு போடுவேன். தேக்கைப் பழைய கழுத்தின் அளவுக்கே செதுக்கினார். உள்ளே வைக்க வேண்டிய இரும்புக்குத்தான் இரண்டு நாள் யோசித்தார். நட்டு, மரை எல்லாம் என்னைப் போன்ற ஆளிடம் கொடுக்கக்கூடாது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். மூன்றாம் நாள் கொல்லுப்பட்டறையிலிருந்து ஒரு மெல்லிய எஃகுப் பட்டையோடு வந்தார். ஏதோ பழைய காரின் ஸ்பிரிங் பட்டையைக் கீறி, பழுக்கக் காய்ச்சித் தோய்த்துத் துவைச்சல் போட்டு வாங்கியிருந்தார். அது லேசாக வளைந்திருந்தது.

லாரி ஓடும் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காலி வண்டியின் ஸ்பிரிங் வில்லாக நிற்கும். லோடு ஏறினால் நேராகும். கம்பிகள்தான் லோடு, பட்டை ஸ்பிரிங். பட்டையைப் பின்பக்கம் வளையும்படி கழுத்துக்குள் பதித்துவிட்டால், கம்பிகள் முன்னால் இழுக்க, பட்டை பின்னால் இழுக்க, கழுத்து ஊசி மாதிரி நிற்கும். நட்டும் வேண்டாம், முறுக்கலும் வேண்டாம். பட்டையைப் பதித்து, மேலே வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஊற்றி, ஈட்டிப் பலகையை ஒட்டி, சைக்கிள் டியூபைப் பட்டையாகக் கீறி மேலிருந்து கீழ்வரை இறுக்கிச் சுற்றி ஒரு வாரம் காயவைத்தார். கம்பி பூட்டி முறுக்கியதும் கழுத்து நேராக வந்து நின்றதை இரண்டு பேரும் கண்ணால் பார்த்தோம். என்னிடம் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார்.

"எப்பவும் கம்பிய மட்டும் தளர்த்தக் கூடாதுங்க. லோடு இருந்துட்டே இருக்கோணும். லோடில்லாம போட்டு வெச்சா பட்டை கழுத்தைப் பின்னால வாங்கிரும்."

நான் தலையாட்டினேன். ஆபீசில் போய்ச் சொன்னேன், குழுவில் சொன்னேன், டீக்கடையில் ஒரு கட்டையை வைத்து வளைத்துக் காட்டியே சொன்னேன். வீட்டில் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று இல்லை. இந்த விஷயத்தில் அவளுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கிடார் இருந்த அறையை அவள்தான் தினமும் பெருக்கினாள்.

தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் அந்தக் கழுத்து நன்றாக வாசித்தது. கெங்கவல்லிவரை போய் வாசித்தேன். மேப்பிளில் இருந்த கணீரென்ற ஒலி இதில் இல்லை. கொஞ்சம் மங்கலாக, அடித்தொண்டையில் பேசியது. எனக்கு அதுவும் பிடித்திருந்தது. அந்த மூன்று மாதமும் அப்பா படுக்கையில் இருந்தார். ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. துடைத்து, புரட்டிப் போட்டு, குழைந்த சோறு ஊட்டியதெல்லாம் அவள்தான். அப்பாவுக்கு வாய் கோணியிருந்ததால் கரண்டி ஒத்துவரவில்லை, கையால்தான் ஊட்ட வேண்டும். நான் மறு அறையில் சித்திரைக்காகச் சாதகம் செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் அப்பாவைத் தூக்கி உட்கார வைக்க ஒரு கை கொடுக்கச் சொல்லிக் கூப்பிட்டாள். இந்தப் பாட்டு முடியட்டும் என்றேன். பாட்டு முடிந்து போனபோது அவளே தனியாகத் தூக்கி உட்கார வைத்திருந்தாள்.

பங்குனிக் கடைசியில் அப்பா போய்விட்டார். உடலை ராசிபுரத்துக்குக் கொண்டுபோக ஆபீசிலிருந்து ஒரு வண்டி கொடுத்தார்கள். நான் வண்டிக்கு முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தேன். அவள் உள்ளே போய், அடுப்பை அணைத்து, தண்ணீர்ப் பானையைக் கவிழ்த்து, ஜன்னலைச் சாத்தி, வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை ராசிபுரத்தில்தான் இருந்தோம். தெருவில் எங்கள் பங்காளிகள் தறி எதுவும் ஓடவில்லை.

காரியம் முடிந்து சங்ககிரி திரும்பியது ஒரு வியாழக்கிழமை. ஞாயிறு ஒத்திகை. வீட்டுக்கு மேலே சிமெண்ட் ஷீட்டு, பதினாறு நாளாகப் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் சூடு முகத்தில் அறைந்தது. நேராகப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். நான்கு கம்பியும் தொளதொளவென்று கிடந்தன. கழுத்து பின்னால் வளைந்திருந்தது. தலைப்பக்கத்தில் ஈட்டிப் பலகை தேக்கை விட்டு, நகம் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்து நின்றது.

என் முகத்தைப் பார்த்ததும் அவளே சொன்னாள்.

"நாந்தானுங்க தளர்த்தி வெச்சேன். பதினாறு நாளும் ஒண்டியா இழுத்துட்டே நிக்குமேன்னு."

எங்கள் பக்கத்தில் நாலு நாள் தறி ஓடாது என்றால் பாவு நூலைத் தளர்த்திவிட்டுத்தான் போவார்கள். இழுத்துக் கட்டியபடியே விட்டால் இழை களைத்து அறுந்துவிடும். துக்கத்துக்குத் தறி நின்றால் வீட்டுப் பெண்கள் முதலில் செய்வது அதுதான். பிணம் வாசலில் கிடக்கும்போது, அழுவதற்குக்கூட நேரமில்லாத அந்தப் பத்து நிமிடத்தில், அவள் என் கிடாரையும் நினைத்து, கம்பி முறுக்கும் நான்கு முளையையும் ஒரே அளவாகத் திருகிவிட்டுப் போயிருக்கிறாள். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். கிடாரைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன்.

அவர் பிளவுக்குள் மறுபடி பசையை ஊற்றி, டியூபைச் சுற்றி இறுக்கினார். இதற்கு ஒரு வாரம் வேண்டும், இரண்டு நாளில் காயாது, வேறு யாரிடமாவது வாத்தியம் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். சேலத்தில் இருந்த இன்னொரு பேஸ்காரர் அந்த வாரம் திருப்பத்தூரில் கச்சேரியில் இருந்தார். சனிக்கிழமை மாலை டியூபை அவிழ்த்துக் கம்பி பூட்டினோம். நின்றது. நின்றதே என்று பெருமாளுக்கு வேண்டிக்கொண்டேன்.

ஞாயிறு காலை லாட்ஜ் ஹாலில் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் பாட்டு நன்றாகப் போனது. குழு நடத்துபவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இரண்டாம் பாட்டில், தலைப்பக்கத்து ஸ்வரங்கள் கொஞ்சம் ஏறி ஒலிப்பது எனக்குக் கேட்டது. மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் பாட்டின் நடுவில் பலகை டப்பென்று எழும்பியது. கம்பி நான்கும் மெட்டுகளில் மோதிக்கொண்டு, தகர டப்பாவில் கல் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு சத்தம். எல்லோரும் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். என் வாழ்க்கையில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தது அன்றுதான். குழு நடத்துபவர் எழுந்து வந்து, கழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். இதோடு எப்படிப்பா வண்டி ஏறுவாய் என்று மெதுவாகத்தான் கேட்டார். கோபமே இல்லை. பிறகு சொல்லி அனுப்புகிறேன் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும். அவர் சொல்லி அனுப்பவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. அவள் வாசலுக்கு ஓடிவந்து, என் கையிலிருந்த பெட்டியை வாங்கக் கை நீட்டினாள். எப்போதும் அப்படி வாங்கி உள்ளே வைப்பாள். நான் பெட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"தொடாத. இனி என் சாமான் எதையும் தொடாத. உங்கை பட்டது எதுதான் வெளங்குச்சு?"

கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலாம், கோபத்தில் வந்த வார்த்தை என்று இருவரும் மறந்திருக்கலாம். நிதானமாகத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதம் என் அப்பாவுக்குச் சோறு ஊட்டிய கை அது, அவர் போய்ச் சேர்ந்து இருபது நாள்கூட ஆகவில்லை. நான் என்ன சொல்லிவிட்டேன் என்று அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். அவள் அழவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சோறு போட்டாள்.

இரண்டு வாரம் கழித்துப் பட்டறைக்காரர் கூப்பிட்டனுப்பினார். கழுத்தை முழுக்கப் பிரித்து வைத்திருந்தார். தேக்கின் மேல்முகத்தைக் காட்டினார். ஒரு சொட்டுப் பசை அதில் ஊறவில்லை. காய்ந்து, ஏடு ஏடாக, விரலால் தள்ளினாலே உதிர்ந்தது. வாய் பிளந்த இடத்தில் மட்டும் இல்லை, கடைசிவரை அப்படித்தான் இருந்தது. கண்ணாடியில் ஒட்டியதுபோலத்தான் அது இத்தனை நாளும் நின்றிருக்கிறது.

"கம்பிய தளர்த்துனதால போகலீங்க. கட்டியே வெச்சிருந்தாலும் இந்தச் சித்திரை வெயில்ல உட்டிருக்கும். தேக்குல நிக்காதுன்னு நான் அன்னைக்கே சொன்னனுங்களே."

வேங்கையில் ஒன்று செய்து தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். வீட்டுக்கு நடந்து வந்தேன். ஐந்து நிமிட நடைதான். அந்த ஐந்து நிமிடமும் ஒரே யோசனை. உள்ளே போனதும் அவளிடம் சொல்லிவிட வேண்டும், உன் தப்பு இல்லை, மரம் எடுத்த என் தப்பு என்று. உள்ளே போனேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். நான் தண்ணீர் குடித்துவிட்டு வெளியே போய்விட்டேன். சொன்னால், அன்று சொன்ன வார்த்தைக்கு ஒரு காரணமும் இல்லாமல் போய்விடும். வெறும் கொடுமை மட்டும் மிச்சமாக நிற்கும். அந்தக் காரணத்தை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். எத்தனை நாளை வந்து போனது!

அவள் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டாள். சண்டை இல்லை, முகத்தைத் தூக்கிக்கொள்வது இல்லை, சமையலில் உப்புகூடக் குறையவில்லை. என்னுடையது எதையும் கேட்காமல் தொடுவதில்லை, அவ்வளவுதான். "ஏனுங்க, இந்தச் சட்டையத் தொவைக்க எடுக்கலாமுங்களா?" "மேசையத் தொடைக்கலாமுங்களா?" குத்திக்காட்டுவதற்காகக் கேட்டிருந்தால் நான் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தீர்த்திருப்பேன். அவள் உண்மையாகவே கேட்டாள். எடு புள்ள, இதையெல்லாம் கேட்கணுமா என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். அடுத்த தடவையும் கேட்டாள். எங்களுக்கு ஒரு மகள் பிறந்து, நடை பழகி, பேசவும் ஆரம்பித்தாள். மூன்று வயதில் ஒரு நாள் என் பேனாவுக்கு முன்னால் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "அப்பா, தொடலாமுங்களா?" என்றது குழந்தை. யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறது.

கிடாரின் உடலைச் சேலத்தில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் அதற்கு ஏதோ கழுத்தைப் பொருத்தி வாசித்ததாகக் கேள்வி. நான் குழுவை விட்டுவிட்டேன். கச்சேரி மேடைகளைக் கடந்து போகும்போது காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். புக்கிங் ஆபீசில் வேலை, வீட்டில் கேள்வி, அப்படியே எண்பதுகள் பாதி போய்விட்டன.

ஐப்பசி மழையில் ஒரு தடவை எனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் கண்ணைத் திறந்தபோது மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள், வீட்டில் சத்தமே இல்லை. மனைவி ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் நனைத்த துணியுமாகக் கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியவில்லை. நான் கண் திறப்பதற்காகக் காத்திருந்திருக்கிறாள். உடம்பில் தெம்பு இல்லாததால் வறட்டு ரோஷமும் இல்லை. வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"புள்ள, அன்னைக்கு அந்தக் கழுத்து உன்னால போகல. பசை நிக்கல. நான் எடுத்த மரம் தப்பு."

"தெரியுமுங்க" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"பாடி கட்டறவரு அப்பவே ஊட்டுக்கு வந்திருந்தாருங்க. நீங்க ஆபீசு போயிருந்தீங்க. உங்க மேல தப்பில்லைங்கம்மா, மனசுல வெச்சுக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போனாரு."

"அப்பறம் ஏன் நீ ஒரு வார்த்தை கேக்கல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க."

அவள் குரலில் குறை இல்லை, அழுகை இல்லை. பால்காரர் இன்னும் வரவில்லை என்று சொல்வது போலத்தான் சொன்னாள். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஆறு சித்திரை போயிருந்தது. ஆறு வருடமும் ஒவ்வொரு நாளும் நான் வீட்டுக்குள் நுழையும்போது இன்றைக்குச் சொல்வாரா என்று பார்த்திருக்கிறாள். நான் தண்ணீர் குடித்துவிட்டு வெளியே போயிருக்கிறேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன், இருமல்தான் வந்தது. இருமி முடிக்கும்வரை அவள் பொறுத்திருந்தாள். துணியிலிருந்து தண்ணீர் சொட்டித் தரை நனைந்துகொண்டிருந்தது. கட்டிலுக்குத் தள்ளி, அதே இடத்தில்தான் நின்றிருந்தாள்.

"நெத்தில போடலாமுங்களா?" என்று கேட்டாள்.